ஹூஸ்டன் வெயிலில் 1986 போர்ஷே 911: ஏசியைச் சீராக்கிய பதிவு

பழைய போர்ஷே 911 வைத்திருப்பவர்களிடம் ஏசியைப் பற்றிக் கேட்டால், "கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். வண்டி புதிதாக வந்த காலத்திலேயே அதன் ஏசிக்கு நல்ல பெயர் கிடையாது. என்னுடையது 1986 மாடல் கரேரா 3.2, அமெரிக்கச் சந்தைக்காக வந்த கூப்பே. நான் இருப்பது அமெரிக்காவின் ஹூஸ்டனில். இங்கே கோடையில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவது சர்வ சாதாரணம். மெக்சிகோ வளைகுடா பக்கத்திலேயே இருப்பதால் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். கண்ணாடியை இறக்கினால் அந்தப் புழுக்கம் அப்படியே உள்ளே வந்து உட்காரும். எனக்கு இந்த வண்டியை வருஷம் முழுக்க ஓட்ட வேண்டும், கொட்டகையில் மூடி வைக்க மனசில்லை. அதனால் குளிர்காலத்தில் ஏசியை முழுதாகக் கழற்றி, வேர் வரை பார்த்துச் சரிசெய்தேன். இதே தலைமுறை 911 வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று அளவுகளோடு எழுதுகிறேன்.

முதலில் இந்த ஏசி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். எஞ்சின் பின்னால் இருக்கிறது, ஆகவே கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரும் பின்னால்தான். குளிரைத் தரும் எவாபரேட்டரோ முன் டிக்கியில், முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள குழியில் உட்கார்ந்திருக்கிறது. கேஸின் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர் இரண்டு. ஒன்று எஞ்சின் மூடியின் கிரில்லுக்கு அடியில், இன்னொன்று முன் பம்பருக்குப் பின்னால் தரையைப் பார்த்தபடி படுத்த நிலையில். கம்ப்ரஸரிலிருந்து கிளம்பும் சூடான கேஸ் முதலில் எஞ்சின் மூடிக்குப் போகிறது. அங்கிருந்து வண்டியின் அடிவழியாக முன்னால் வந்து, முன் கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பேன்ஷன் வால்வ், எவாபரேட்டர் என்று சுற்றி, மறுபடி வண்டியின் முழு நீளத்துக்கும் பின்னால் திரும்ப வேண்டும். எஞ்சின் முன்னால் இருக்கும் சாதாரண காரில் இந்தப் பாதை பானெட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். இங்கே அது பல மீட்டர் ரப்பர் ஹோஸ். 40 வயதான ரப்பர்.

இன்னொரு சங்கடம், இது காற்றால் குளிரும் எஞ்சின். எஞ்சினின் பெரிய விசிறி, எஞ்சின் மூடி வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. அதாவது பின் கண்டென்சர் வெளியே தள்ளும் வெப்பத்தை எஞ்சின்தான் குடிக்கிறது. வண்டி ஓடும்போது அந்த விசிறி வேகமாகச் சுற்றும், கண்டென்சருக்கும் காற்று கிடைக்கும். சிக்னலில் நின்றால் விசிறியும் மெதுவாகிவிடும். அப்போது எஞ்சினின் அனல் மேலே எழும்பி அதே கண்டென்சரைச் சுடும். ஏசி அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் இந்தக் கண்டென்சர் கைவிடுகிறது.

நான் வாங்குவதற்கு முன்பே யாரோ இதில் ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் கேஸைப் போட்டிருந்தார்கள். வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தது ஆர்-12 கேஸோடு. ஓசோன் படலத்தைக் காப்பதற்கான 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு, 1995 முடிவோடு அமெரிக்காவில் ஆர்-12 உற்பத்தி நின்றது. அப்புறம் பழைய வண்டிகள் பலவற்றில் கேஸை மட்டும் மாற்றி ஓட்டினார்கள். கேஸை மாற்றியவர்கள் ஹோஸையும் கண்டென்சரையும் தொடவில்லை. அதன் விளைவைத்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எதையும் கழற்றுவதற்கு முன் அளவெடுத்தேன். வெளியே 35 டிகிரி இருக்கும்போது, நெடுஞ்சாலையில் நடுத் துவாரத்தில் வந்த காற்று 18 டிகிரி. சிக்னலில் நின்றால் கொஞ்ச நேரத்தில் 25-க்கு ஏறிவிடும். உள்ளூர்க் கடை ஒன்றில் காட்டியதில், கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். அழுத்த மீட்டரை மாட்டிப் பார்த்தால் படம் வேறு மாதிரி இருந்தது. வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது ஹை சைடு (கம்ப்ரஸரை விட்டு வெளியேறும் பக்கத்து அழுத்தம்) 300 பிஎஸ்ஐயைத் தொட்டது, லோ சைடு (கம்ப்ரஸருக்குத் திரும்பும் பக்கம்) 40-க்கு மேல். கம்ப்ரஸர் செத்திருந்தால் ஹை சைடு அவ்வளவு ஏறவே ஏறாது. ஆர்-134ஏ கேஸுக்கு 300 பிஎஸ்ஐ என்றால், கண்டென்சருக்குள் அது 70 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கிறது என்று பொருள். கம்ப்ரஸர் தன் வேலையைச் செய்கிறது, வெப்பம்தான் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றுகிறது.

பெரிய கட்டடங்களைக் குளிரவைக்கும் சில்லர் பிளான்ட் பராமரிப்பில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இங்கே இருக்கிறார், மதுரைக்காரர். மீட்டரைப் பார்த்ததும் அவர் சொன்னது: "தம்பி, ஏசி குளிரை உண்டாக்காது. உள்ள இருக்கிற சூட்டை அள்ளி வெளிய கொட்டும், அவ்வளவுதான். கொட்டுற இடத்தை மொதல்ல பாரு. அதுக்கும் முன்னாடி, உள்ள சூடு எங்கிருந்து வருதுன்னு பாரு."

"கம்ப்ரஸரை மாத்த வேணாமாண்ணே?"

"அது நல்லா இருக்குப்பா. அதுல காசைக் கொட்டாதே."

மொத்த வேலையும் அந்த வரிசையில்தான் நடந்தது.

உள்ளே வரும் வெப்பத்தில் பெரிய குற்றவாளி ஹீட்டர். இந்த 911-இல் ஹீட்டருக்குத் தண்ணீர் கிடையாது. எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றியுள்ள உறைக்குள் காற்று ஓடிச் சூடாகி, கதவடிப் பெட்டிக்குள் போகும் குழாய் வழியாகக் கால் பக்கம் வருகிறது. எஞ்சினுக்குப் பக்கத்தில் இரண்டு புறமும் ஒவ்வொரு ஃபிளாப்பர் பெட்டி உண்டு. கேபிள் இழுத்தால் அதன் தகடு திரும்பிச் சூடான காற்றை உள்ளே அனுப்பும், விட்டால் தரையைப் பார்த்து வெளியே கொட்டும். என் வண்டியில் இடது பக்கத் தகடு துருப்பிடித்து முக்கால்வாசி மூடிய நிலையில் இறுகிப் போயிருந்தது. ஹீட்டர் அணைந்திருக்கும்போதே, இடது கால் பக்கத் துவாரத்தில் அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டினால் 50 டிகிரி காட்டியது. ஒரு பக்கம் ஏசி, இன்னொரு பக்கம் ஹீட்டர், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன.

அந்தப் பெட்டியைக் கழற்றி, துருவைச் சுரண்டி, அச்சாணியை விடுவித்து, கேபிளின் இழுப்பைச் சரிசெய்தேன். கை விட்டுப் பார்த்தால் தகடு விளிம்பு வரை போய் 'டக்' என்று உட்கார வேண்டும், அதுதான் அடையாளம். ஒன்று முக்கியம்: கோடைக்கு என்று இந்தக் குழாயை எஞ்சின் பக்கத்தில் முழுதாக அடைத்துவிடக் கூடாது. காற்று ஓடாவிட்டால் எக்ஸாஸ்ட் உறைக்குள் வெப்பம் தேங்கும். அது எப்போதும் வெளியே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது, வெளிக்காற்றை உள்ளே விடும் தனி புளோயர். அதன் கதவுகள் முழுதாக மூடாவிட்டால் ஏசி எவ்வளவு உழைத்தாலும் வீண். இந்த வண்டியின் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைப்பது, வெளிக்காற்று கலந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கதவுகளின் ஓரத்து ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது, புதிதாக ஒட்டினேன். எஞ்சின் அறைச் சுவரில் இருந்த பழைய வெப்பத்தடுப்பு மெத்தையையும் மாற்றினேன். பின்கண்ணாடிக்கு வெப்பத்தைத் தடுக்கும் செராமிக் ஃபிலிம். இவ்வளவும் ஏசியின் ஒரு திருகைக்கூடத் தொடாமல் செய்த வேலை. இதற்கே நெடுஞ்சாலையில் துவாரக் காற்று 18-லிருந்து 15-க்கு இறங்கியது. ஏசி பலவீனமான 911 எதுவாக இருந்தாலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். செலவும் குறைவு.

இனி ஏசி. உள்ளே இருந்த கேஸை மீட்பு இயந்திரம் உள்ள இடத்தில் எடுக்கச் செய்தேன். காற்றில் திறந்துவிடுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றம், சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாதது. புவியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ ஆர்-134ஏ, சுமார் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-12 என்றால் அது பத்தாயிரத்தைத் தாண்டும்.

எவாபரேட்டர் பெட்டியைத் திறந்ததும்தான் காற்று ஏன் மெலிந்து வந்தது என்று புரிந்தது. ஃபின்கள் எனும் மெல்லிய தகடுகளின் முகத்தில் தூசியும் நாரும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் கம்பளி போலப் படிந்திருந்தன. ஓரத்தைப் பிடித்து உரித்தால் ஒரே துண்டாக வந்தது. அதற்கடியில் ஃபின்கள் நன்றாகவே இருந்தன. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பின்பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் அடித்து, சாய்ந்திருந்த ஃபின்களைச் சீப்பு வைத்து நிமிர்த்தினேன். பிறகு ஃப்ளஷ் திரவம் விட்டு, பழைய மினரல் எண்ணெயை வெளியேற்றினேன். அந்த எண்ணெய் ஆர்-134ஏ கேஸோடு கலக்காது, போன இடத்திலேயே தேங்கிவிடும். எக்ஸ்பேன்ஷன் வால்வ் புதிது. டிரையரும் புதிது, அதைக் கடைசியில், வேக்கம் போடுவதற்கு (உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பதற்கு) சற்று முன்புதான் மூடி திறந்து மாட்டினேன். மூடி திறந்த டிரையர் ஹூஸ்டன் காற்றில் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கிவிடும்.

இந்தப் பெட்டியில் கவனம் தேவைப்படும் இடம் தெர்மோஸ்டாட்டின் மெல்லிய செப்புக் குழாய். அது ஃபின்களுக்கு நடுவே செருகப்பட்டிருக்கிறது. ஆழம் போதாவிட்டால் எவாபரேட்டர் உறைந்து பனிக்கட்டி மூடும் வரை கம்ப்ரஸர் நிற்காது, இங்குள்ள ஈரப்பதத்துக்கு அது சீக்கிரமே நடக்கும். பழைய குழாய் எந்தத் தடத்தில் எவ்வளவு உள்ளே இருந்தது என்று கழற்றும்போதே படமெடுத்து வைத்தேன், புதியதை அதே இடத்தில் செருகினேன். தண்ணீர் வடியும் குழாயையும் கம்பி விட்டுச் சுத்தம் செய்தேன். புழுக்கமான ஊரில் ஏசியின் வேலையில் பெரும்பங்கு காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்குவதற்கே போகிறது. அந்தத் தண்ணீர் வெளியே போக வழியில்லாவிட்டால் தரைவிரிப்புக்குத்தான் வரும்.

ஹோஸ்களை மாற்றுவதுதான் உடம்பை வருத்திய வேலை. பழைய ரப்பர் வழியாகவே கேஸ் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டிருக்கும். ஆர்-134ஏ மூலக்கூறு ஆர்-12-ஐவிடச் சிறியது, அதனால் கசிவும் அதிகம். வருஷா வருஷம் கேஸ் போட வேண்டியிருந்ததற்குக் காரணம் பெரிய ஓட்டை எதுவும் இல்லை, ஹோஸின் முழு நீளமும் வியர்த்துக்கொண்டிருந்ததுதான். உள்ளே நைலான் படலம் உள்ள பேரியர் ஹோஸ் வாங்கி, ஒவ்வொரு நீளத்தையும் வண்டியில் வைத்துப் பார்த்து, முனையின் கோணத்தைக் குறித்த பிறகே கிரிம்ப் செய்தேன், அதாவது முனையை அமுக்கிப் பொருத்தினேன். கண்டென்சரில் ஃப்ளேர் இணைப்புகள் இருக்கும் இடத்தில் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் கிடையாது, உலோகமும் உலோகமும் முகம் சேர்ந்து அடைக்க வேண்டும். ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் கசியும். ஒவ்வொரு முகத்தையும் விரல் நகத்தால் தடவிப் பார்த்து, இரண்டு ஸ்பானர் பிடித்து இறுக்கினேன். ஒரே ஸ்பானரில் இறுக்கினால் அலுமினியக் குழாய் முறுக்கிக்கொள்ளும்.

கம்ப்ரஸருக்குப் பின்னால் திரும்பும் சக்ஷன் (உறிஞ்சும்) ஹோஸுக்கு எஞ்சின் அறைக்குள் வெப்பத்தடுப்பு உறை போட்டேன். முன்னாலிருந்து குளிராக வரும் கேஸ் எஞ்சின் அனலில் சூடேறிவிட்டால் விரிந்து மெலிந்துவிடும். கம்ப்ரஸர் ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும் கேஸின் எடை குறைந்துபோகும். அதிகம் பேர் இதைக் கவனிப்பதில்லை.

இப்போது வெப்பத்தைக் கொட்டும் இடம். முன் கண்டென்சரை அதே அளவுள்ள பேரலல்-ஃப்ளோ வகைக்கு மாற்றினேன். பழையதில் உருண்டைக் குழாய் வளைந்து வளைந்து போகும். புதியதில் தட்டையான குழாய்கள் பல, ஒவ்வொன்றிலும் நுண்ணிய வழிகள். அதே இடத்தில் வெப்பத்தை விடும் பரப்பு நிறைய. ஆனால் அது மட்டும் போதாது. படுத்திருக்கும் கண்டென்சருக்கு வண்டியின் வேகத்தால் வரும் காற்று நேரே கிடைக்காது, விசிறியை நம்பித்தான் இருக்கிறது.

அதனால் இன்னொரு கண்டென்சர் சேர்த்தேன், அதற்குத் தோதான இடம் பின் இடது சக்கரக் குழிக்குள். வலது பக்கத்தில் எண்ணெய் டேங்க் இருக்கிறது, இடது பக்கம் காலி. அங்கே சின்னப் பேரலல்-ஃப்ளோ கண்டென்சரும் அதற்கென்றே மின்விசிறியும், டயர் அள்ளி வீசும் கல் படாமல் இருக்கக் கம்பி வலையும். சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போதும் டயர் எதிலும் உரசவில்லை என்று ஜாக்கி வைத்துப் பார்த்த பிறகே தாங்கியில் துளை போட்டேன். கம்ப்ரஸரை விட்டு வரும் கேஸ் இப்போது முதலில் இங்கே போய், வண்டி நின்றாலும் ஓடினாலும் கணிசமான வெப்பத்தைக் கொட்டிவிட்டுத்தான் முன்னால் வருகிறது.

எஞ்சின் மூடியிலிருந்த கண்டென்சரை எடுத்துவிட்டேன். வைத்துக்கொள்வதே நல்லது என்பவர்கள் உண்டு, ஓடும்போது அது உதவுகிறது என்பதும் உண்மைதான். என் யோசனை எஞ்சினைப் பற்றியது. காற்றால் குளிரும் எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கோடையில் நாமே சூடாக்கிக் கொடுக்கக் கூடாது. எடுத்த பிறகு மூடியும் இலகுவாகிவிட்டது.

மின்சாரத்தைச் சரிசெய்ததில் கிடைத்த பலன் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். முன் கண்டென்சர் விசிறியின் முனையில் அளந்தால் 10.6 தான். மீதி 3.2 வோல்ட்டை, கருகிய ஃப்யூஸ் பிடிப்புகளும் பழைய சுவிட்சும் மெல்லிய ஒயரும் வழியிலேயே சூடாக்கித் தின்றுவிட்டன. பேட்டரி முன் டிக்கியிலேயே இருப்பதால், அங்கிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, விசிறிக்கும் எவாபரேட்டர் புளோயருக்கும் தனித்தனி ரிலே, தனித்தனி ஃப்யூஸ் வைத்தேன். பழைய சுவிட்ச் இப்போது ரிலேயை மட்டும் தூண்டுகிறது. விசிறி முனையில் 13.3 வோல்ட். சத்தத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. என் வண்டியில் பிரஷர் சுவிட்ச் எதுவும் இல்லாததால், டிரையர் பக்கம் ஒன்று சேர்த்தேன். அழுத்தம் அளவு மீறினாலும் கேஸ் போய்விட்டாலும் கம்ப்ரஸர் நின்றுவிடும்.

எல்லாம் மாட்டிய பிறகு நைட்ரஜனை 150 பிஎஸ்ஐக்கு ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவினேன். முன் கண்டென்சரின் ஒரு ஃப்ளேர் மட்டும் மெல்ல நுரைத்தது, இன்னும் கொஞ்சம் இறுக்கியதும் நின்றது. ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் முள் இறங்கவில்லை என்று பார்த்த பிறகு வேக்கம். நீண்ட ஹோஸ் என்பதால் அவசரப்படாமல் அழுத்தம் 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கும் வரை ஓடவிட்டு, பம்பை நிறுத்தி முள் ஏறுகிறதா என்று பார்த்தேன். இந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் ஈரம் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும். எண்ணெய்க்கு எஸ்டர் வகையைத் தேர்ந்தெடுத்தேன். எங்கோ மிச்சமிருக்கும் மினரல் எண்ணெயோடு அது ஒத்துப்போகும்.

கேஸை எடை போட்டுத்தான் ஏற்றினேன். ஆர்-134ஏ போடும்போது, ஆர்-12-க்குச் சொன்ன எடையில் 80 முதல் 90 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. ஆனால் கண்டென்சர்களே மாறிவிட்டதால் அந்தக் கணக்கைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டேன். அதற்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி, சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் துவாரத்தின் வெப்பத்தையும் ஹை சைடையும் குறித்துக்கொண்டு போனேன். துவாரம் குளிர்வது நின்று ஹை சைடு மட்டும் ஏறத் தொடங்கும் இடம் ஒன்று வரும். அதற்கு ஒரு படி முன்னால் நிறுத்தினேன். மூடியில் ஆர்-134ஏ என்றும், எடையும், எண்ணெய் வகையும் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன், அடுத்து இதைத் திறப்பவருக்காக.

கோடை வந்து 36 டிகிரியில் எடுத்த அளவுகள்: நெடுஞ்சாலையில் துவாரத்தில் 7 டிகிரி. சிக்னலில் நின்றபடி 13, அதற்கு மேல் ஏறவில்லை. நிற்கும்போது ஹை சைடு 230 பிஎஸ்ஐ, அதாவது கண்டென்சருக்குள் சுமார் 60 டிகிரி. லோ சைடு 28-30, எவாபரேட்டர் உறைநிலைக்கு ஒட்டி மேலே நிற்கிறது. கம்ப்ரஸர் அதே பழைய கம்ப்ரஸர்தான். 1986 மாடலில் டேஷ்போர்டின் காற்றுத் துவாரங்களை முந்தைய வருஷங்களைவிடப் பெரிதாக வைத்தார்கள். புளோயருக்கு முழு வோல்ட் கிடைத்ததும் அந்தப் பெரிய துவாரத்தின் பலன் இப்போதுதான் தெரிகிறது, முகத்துக்கு நேராகக் காற்று வந்து நிற்கிறது. பக்கத்து இருக்கையில் மனைவி, "ஃபேனைக் கொஞ்சம் குறைங்க, காது குளிருது" என்றாள்.

நிற்கும்போது வரும் அந்த 13-ஐ இன்னும் இறக்க முடியும் என்று நினைக்கிறேன். சக்கரக் குழிக்குள் இருக்கும் கண்டென்சர் தள்ளும் சூடான காற்று முழுதாக வெளியே போகாமல், கொஞ்சம் திரும்பி அதே விசிறிக்கே வருகிறது. வெப்பமானியை வைத்துப் பார்த்ததில் விசிறியின் உள்முகத்தில் வெளிக்காற்றைவிட 8 டிகிரி கூடுதல். ஓரங்களை அடைத்து, சூட்டைக் கீழ்நோக்கித் திருப்பிவிடும் ஒரு தகடு வெட்டிக்கொண்டிருக்கிறேன். அட்டையில் வடிவம் வெட்டிப் பார்த்தாயிற்று, டயர் அசையும் தூரத்துக்குள் வரவில்லை. அடுத்து அலுமினியத்தில் வெட்ட வேண்டும்.